வயல் வேலை குறைந்தது, சோற்றின் அளவு குறையவில்லை
எடைக் குறைப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நெல்லைச் சீமையிலிருந்து வந்தவை. எழுதியவர்களின் வயதும் தொழிலும் வேறு வேறாக இருந்தாலும், எவ்வளவு சாப்பிட்டு எவ்வளவு உடலை அசைத்தால் எடை இறங்கும் என்பதே எல்லாருடைய கேள்வியும். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், அவற்றிலுள்ள எண்களை மாற்றவில்லை. நான் கலோரி என்று எழுதுவது, உணவுப் பொட்டலங்களில் கிலோகலோரி என்று அச்சிடப்படும் அளவையே.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வயது 42, உயரம் 156 செ.மீ., எடை 72 கிலோ. மூன்று மாதமாக நாள் தவறாமல் வ.உ.சி. மைதானத்தில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். கையில் கட்டியுள்ள கடிகாரம் தினமும் 400 கலோரி செலவானதாகக் காட்டுகிறது. அந்த அளவுக்குச் சாப்பிடலாம் என்று எண்ணி, நடை முடிந்ததும் தோழிகளுடன் காபியும் இரண்டு உளுந்து வடையும் சாப்பிடுகிறேன். இதுவரை ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. இன்னும் அதிகமாக நடக்க வேண்டுமா?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: நடையைக் கூட்டுவதற்கு முன்னால் அந்தக் கடிகாரத்தின் கணக்கை ஒதுக்கி வையுங்கள். 2017ஆம் ஆண்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் மணிக்கட்டில் அணியும் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, இதயத் துடிப்பை அவை பெரும்பாலும் சரியாகவே அளந்தன. ஆனால் செலவாகும் கலோரியைக் கணிப்பதில் இருப்பவற்றில் நல்ல கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு பிழை செய்தது, மோசமான கருவியின் பிழையோ 93 விழுக்காடு. உங்கள் எடையுள்ள ஒருவர் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறத்தாழ 250 கலோரி செலவாகும். அதிலும் 70 கலோரி, நீங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தில் செலவாகியிருக்கக்கூடியது. ஆகவே நடையால் கிடைத்த உண்மையான கூடுதல் செலவு 180 கலோரி அளவில்தான் இருக்கும். எண்ணெய் குடித்த அளவைப் பொறுத்து ஓர் உளுந்து வடை 100 முதல் 150 கலோரி வரை தரும். சீனி போட்ட பால் காபி ஒரு தம்ளர் 80 கலோரிக்குக் குறையாது. நடந்து செலவிட்டதைவிட அதிகமாகவே மைதானத்து வாசலில் திரும்பப் பெற்றுவிடுகிறீர்கள். இருந்தும் ஒரு கிலோ குறைந்திருக்கிறது என்றால், வடை தின்ற வயிறு காலைப் பலகாரத்தில் ஒரு தோசையைத் தானாகவே குறைத்திருக்க வேண்டும்.

உங்கள் உடலின் செலவைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். உங்கள் வயதையும் உயரத்தையும் எடையையும் வைத்து, 1990இல் வெளியான மிஃப்ளின் – செயின்ட் ஜியோர் சூத்திரத்தில் கணக்கிட்டால், நாள் முழுவதும் அசையாமல் படுத்திருந்தாலும் உங்கள் உடல் 1,320 கலோரி அளவுக்குச் செலவிடும். மூச்சு, இதயத் துடிப்பு, மூளை, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் ஓயாத வேலை, உடற்சூடு ஆகியவற்றுக்கே அது போய்விடும். வகுப்பறையில் நிற்பதும் வீட்டு வேலையும் சேர்ந்தால், நடைப்பயிற்சி நீங்கலாக, ஒரு நாள் செலவு சுமார் 1,850. உடற்கொழுப்பு ஒரு கிலோவில் ஏறத்தாழ 7,700 கலோரி சேமிப்பாக உள்ளது. நீங்கள் நாளொன்றுக்கு 1,450 கலோரி சாப்பிட்டு, வடையில்லாத அந்த ஒரு மணி நேர நடையையும் தொடர்ந்தால், தினமும் 580 கலோரி பற்றாக்குறை ஏற்படும். தொடக்க மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் எடை இறங்கும். அந்தப் பற்றாக்குறையில் மூன்றில் இரண்டு பங்கு சமையலறையிலிருந்தும் ஒரு பங்கு மைதானத்திலிருந்தும் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

1,450 கலோரிக்குள் எப்படி வருவது என்று அடுத்துக் கேட்பீர்கள். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என்று அமெரிக்க வேதியியலர் வில்பர் அட்வாட்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த கணக்கே இன்றும் உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. கொழுப்பு அதிலே இரு மடங்குக்கும் மேல் கனமானது என்பதால், எண்ணெய்ச் சாடியிலிருந்து தொடங்குவதே எளிது. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். நால்வர் உள்ள குடும்பத்தில் மாதத்துக்கு 4 லிட்டர் செலவானால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 270 கலோரிக்கு மேல் எண்ணெயிலிருந்து மட்டுமே வருகிறது. அதைப் பாதியாக்கினால் உங்கள் ஒரு மணி நேர நடையில் முக்கால் பங்குக்கு ஈடாகிவிடும். அடுத்தது தேங்காய். நம் பக்கத்துச் சொதியும் அவியலும் தேங்காய் அரைத்த புளியில்லாக் கறியும் இல்லாத வாழ்க்கையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனால் 100 கிராம் தேங்காய்த் துருவலில் சுமார் 350 கலோரி இருக்கிறது என்பதால், காலைச் சட்னி, மதியக் குழம்பு, கூட்டு, இரவுத் துவையல் என்று நான்கு இடத்தில் வருவதை ஓரிடமாக்குங்கள். சட்னிக்குத் தக்காளியும் கொத்தமல்லியும் போதும். சொதியை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டு அதை அதற்குரிய சுவையோடு செய்யுங்கள்.

தோழிகளை விட்டுவிட வேண்டாம். காபியைச் சீனி இல்லாமல் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு 58 வயது, விவசாயி. உயரம் 168 செ.மீ. காரும் பிசானமும் இரண்டு போகம் நெல் வைக்கிறோம். முன்பெல்லாம் உழவிலிருந்து அறுப்பு வரை உடம்பால் செய்தது போக, இப்போது உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு இயந்திரம். வயலுக்கும் மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். ஐந்து ஆண்டில் எடை 67 கிலோவிலிருந்து 78 ஆகிவிட்டது. இடுப்புச் சுற்று 102 செ.மீ. வயதானால் உடம்பு எரிக்கும் சக்தி போய்விடும் என்றும், சோற்றை அடியோடு விட்டால்தான் குறையும் என்றும் சொல்கிறார்கள். மூன்று வேளைக்கும் சேர்த்து எனக்கு மட்டும் 450 கிராம் அரிசி ஆகிறது.
(வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: ஐயா, உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டும் சரியல்ல. முதலில் வயதைப் பற்றி: 29 நாடுகளில் 6,400க்கும் அதிகமானவர்களின் ஆற்றல் செலவை அளந்து 2021இல் வெளியான ஆய்வு, உடலின் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால் 20 வயது முதல் 60 வயது வரை அந்தச் செலவு ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது என்று காட்டியது. உங்களுக்கு மாறியது வயதைவிட வேலைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பட்டியலில், 65 கிலோ எடையுள்ள ஆணுக்குக் கடின உழைப்பு இருந்தால் நாளொன்றுக்கு 3,470 கலோரியும், உட்கார்ந்த வேலை என்றால் 2,110 கலோரியும் தேவை என்று குறித்திருக்கிறார்கள். (1918இல் குன்னூரில் ஓர் அறையில் தொடங்கி, பின்னர் ஹைதராபாத்துக்குப் போன நிறுவனம் அது, நம் மண்ணின் உணவை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்ந்துவருபவர்கள் சொல்வது என்பதால் எடுத்துச் சொல்கிறேன்.) அந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள 1,360 கலோரிதான் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் உங்கள் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்ட வேலை. களத்தில் நெல் தூற்றிவிட்டு வந்து என் தாத்தா உண்ட சோற்றின் அளவு எனக்கு நினைவிருக்கிறது. அன்று அதில் ஒரு பருக்கையும் மிகையில்லை.

இனி சோற்றைப் பற்றி. 100 கிராம் அரிசி, வேகவைக்கும் முன்பு, சுமார் 350 கலோரி தரும். உங்கள் 450 கிராமில் 1,575 கலோரி வந்துவிடுகிறது. குழம்பு, எண்ணெய், தேங்காய், நான்கு வேளைத் தேநீரின் சீனியும் பாலும் சேர்ந்தால் 2,300 ஆகும். இன்றைய உங்கள் செலவோ 2,150 அளவில்தான் இருக்கும். ஐந்து ஆண்டில் சேர்ந்த 11 கிலோவை நாட்களால் வகுத்துப் பார்த்தால், ஒரு நாளைக்குச் சேமிப்பானது சராசரியாக 50 கலோரிக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டி எண்ணெயின் அளவு அது. இவ்வளவு மெல்ல ஏறியதை ஒரே மாதத்தில் இறக்கச் சோற்றை விடுவது வேண்டாத வேலை; சோற்றை அடியோடு விட்டவர்கள் சில வாரங்களில் பசி தாங்காமல் புரோட்டாவுக்குப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அரிசியைப் பதினைந்து நாளைக்கு 50 கிராம் வீதம் குறைத்து 250 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். குறைத்த இடம் தட்டில் காலியாக இருக்கக் கூடாது. புடலை, சுரை, வாழைத்தண்டு, கீரை ஆகியவை சோற்றின் அளவுக்கே இருக்கட்டும். கூடவே காணமோ (கொள்ளு) பாசிப்பயறோ மீனோ முட்டையோ ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும், புரதமும் தசைக்கு வேலையும் கொடுத்தால்தான் அது நிற்கும். உங்களுக்கு நாளொன்றுக்கு 65 முதல் 75 கிராம் புரதம் வேண்டும். 100 கிராம் காணத்தில் 22 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் இருக்கிறது. காணத் துவையலும் காணக் குழம்பும் தெரிந்த வீட்டில் இதற்கென்று மாவு டப்பா வாங்க வேண்டியதில்லை.

வயல் மூன்று கிலோமீட்டருக்குள் இருந்தால் மோட்டார் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடந்து போய் வாருங்கள். 200 கலோரிக்கு மேல் செலவாகும். வாரத்தில் இரண்டு நாளாவது மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் வேலை வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதை நீங்கள் வாய்க்கால் கரையிலேயே செய்துவிடலாம். இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்று 90 செ.மீ.க்கு மேல் போனாலே சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் இடம் கொடுத்ததாகும் என்பதால், தொடங்குவதற்கு முன் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரையோ ஊசியோ எடுத்துவந்தால் அரிசியைக் குறைப்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லையென்றால் மருந்தின் அளவு மிகுந்து சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும்.

கேள்வி: சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காபி குடிக்கிறேன், ஒரு நாளைக்கு ஐந்து முறை. இதில் எடை கூடாதல்லவா?
(வாசகி, திருநெல்வேலி நகரம்)

பதில்: கூடும். கருப்பட்டிக்கு மணம் உண்டு, சிறிதளவு தாதுச்சத்தும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சர்க்கரையே. கலோரியில் சீனிக்கும் அதற்கும் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. ஐந்து முறையை இரண்டு முறையாக்குங்கள்.

கேள்வி: பீடி சுற்றுகிறேன். வயது 35, உயரம் 150 செ.மீ., எடை 64 கிலோ. காலை ஏழு மணிக்கு முறத்தை மடியில் வைத்தால் மாலை வரை எழுந்திருப்பதில்லை. எடை குறைவதற்காகக் காலையில் வெறும் தேநீர் குடித்துவிட்டு மூன்று மணிக்குத்தான் சாப்பிடுகிறேன். தலைசுற்றல் வருகிறது, எடையும் குறையவில்லை. நடைப்பயிற்சிக்கு வெளியே போக எங்கள் தெருவில் வசதியில்லை.
(வாசகி, ஆலங்குளம்)

பதில்: சகோதரி, தலைசுற்றலை முதலில் கவனியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவும், முடிந்தால் தைராய்டும் பார்த்துவிடுங்கள். இரத்தசோகை இருக்கும்போது உணவைக் குறைத்தால் உடம்பு தாங்காது.

எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தவர் மூன்று மணிக்கு எவ்வளவு சாப்பிடுவார் என்பதை எண்ணிப் பார்த்தால் எடை குறையாததன் காரணம் விளங்கும். அதோடு, பட்டினி கிடக்கும் உடல் தன் செலவையும் சுருக்கிக்கொள்கிறது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்களுக்கு 24 வாரம் அரைவயிற்று உணவு கொடுத்துப் பார்த்தார்கள். எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலோ அதைவிட அதிக விகிதத்தில் குறைந்தது. அவர்கள் எப்போதும் குளிரால் நடுங்கினார்கள், எதற்கும் எழுந்திருக்க மனமின்றிக் கிடந்தார்கள், உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் தவித்தார்கள். உங்களுக்கு ஒரு நாள் செலவு 1,700 கலோரி அளவில் இருக்கும். 1,350க்குக் கீழே போக வேண்டாம். காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும், அல்லது ஒரு கிண்ணம் அவித்த பயறும் ஒரு முட்டையும் சாப்பிட்டுவிட்டு முறத்தை எடுங்கள். மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு.

நடைக்கு வெளியே போக முடியாததைக் குறையாக எண்ண வேண்டாம். பயிற்சி என்று பெயர் வைக்காத அசைவுகள், அதாவது எழுவது, குனிவது, நிற்பது, தண்ணீர் எடுப்பது போன்றவை, நாம் நினைப்பதைவிடப் பெரிய கணக்கு. 1999இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் 16 பேருக்குத் தினமும் 1,000 கலோரி கூடுதலாக எட்டு வாரம் கொடுத்தபோது, ஒருவருக்கு அரைக் கிலோகூடக் கொழுப்பு சேரவில்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல் சேர்ந்தது. இந்த வேறுபாட்டை விளக்கியது இத்தகைய சிறு அசைவுகளே. உங்கள் தொழிலில் அளவுகோல் கையிலேயே இருக்கிறது. 25 பீடி ஒரு கட்டு என்றால், நான்கு கட்டுக்கு ஒருமுறை முறத்தை இறக்கி வைத்து எழுந்திருங்கள். முற்றத்திலோ மாடிப்படியிலோ ஐந்து நிமிடம் நடந்து, தரையில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து, பிறகு உட்காருங்கள். ஆயிரம் பீடி சுற்றும் நாளில் இப்படிப் பத்து முறை எழுந்தால் ஐம்பது நிமிட நடையாகிவிடும். கூலி குறையுமே என்ற கவலை எனக்குப் புரிகிறது. அதனால் முதல் வாரம் காலையில் மூன்று முறை, மாலையில் இரண்டு முறை என்று தொடங்குங்கள். முதுகுவலி குறைவதால் கையின் வேகம் கூடுகிறதா என்பதையும் கவனித்து எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 26, எடை 88 கிலோ. அடுத்த மாதம் திருமணம். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ குறைய வழி சொல்லுங்கள்.
(வாசகர், தென்காசி)

பதில்: பத்துக் கிலோ கொழுப்பு என்பது 77,000 கலோரி. முப்பது நாளில் அதைக் கரைக்க வேண்டுமென்றால் தினமும் 2,500 கலோரிக்கு மேல் பற்றாக்குறை வேண்டும். உங்கள் உடலின் ஒரு நாள் மொத்தச் செலவே அந்த அளவை ஒட்டித்தான் இருக்கும். முதல் வாரத்தில் இரண்டு மூன்று கிலோ இறங்கியதாகச் சிலர் காட்டுவது பெரும்பாலும் தண்ணீர்: தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்து கரையும்போது, கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்கு அதனோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது, மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டின் மறுநாளே அது திரும்பிவிடும். இரண்டு முதல் மூன்று கிலோ உங்களால் நேர்மையாகக் குறைக்க முடியும். இரவுப் புரோட்டாவையும் குளிர்பானத்தையும் நிறுத்துங்கள், தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடங்கள், சட்டையைச் சரியான அளவில் தையுங்கள். மீதி எடையைத் திருமணத்துக்குப் பிறகு இருவருமாகச் சேர்ந்து குறைக்க ஓர் ஆண்டு முழுவதும் இருக்கிறது.

கேள்வி: ஏழு மாதத்தில் 81 கிலோவிலிருந்து 72க்கு வந்தேன். தினமும் 1,400 கலோரிதான் சாப்பிடுகிறேன், அரை மணி நேரம் நடக்கிறேன். இரண்டு மாதமாக முள் அசையவில்லை. இன்னும் உணவைக் குறைக்கவா?
(வாசகி, கல்லிடைக்குறிச்சி)

பதில்: ஒன்பது கிலோ குறைத்திருப்பது பெரிய செயல்; அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உணவை இன்னும் குறைக்க வேண்டாம்.

முள் நிற்பதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கும். 72 கிலோ உடலுக்கு 81 கிலோ உடலைவிடச் செலவு குறைவு. உங்களுக்கு அந்தக் குறைவு நாளொன்றுக்கு 125 கலோரி அளவில் இருக்கும், நடையில் சுமக்கும் எடை குறைந்ததும் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொண்டதும் அதற்கு மேல். ஏழு மாதத்துக்கு முன் இருந்த பற்றாக்குறையில் பாதிக்கு மேல் இப்படியே போயிருக்கலாம். இரண்டாவது காரணத்தைச் சொன்னால் வருந்தக் கூடாது: நாள் செல்லச் செல்ல நம் கரண்டியின் அளவு நமக்குத் தெரியாமலே பெரிதாகிறது. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று உறுதியாக நம்பிய பத்துப் பேரை 1992இல் நியூயார்க்கில் ஆராய்ந்தபோது, அவர்கள் உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 விழுக்காடு குறைவாகக் குறித்திருந்தார்கள், செய்த உடல் உழைப்பையோ 51 விழுக்காடு கூட்டிக் குறித்திருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை; நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது.

நடையைத்தான் இப்போது கூட்ட வேண்டும். எடையை இறக்கும் காலத்தில் உணவு முன்னால் நிற்கிறது. இறங்கிய எடையைக் காக்கும் காலத்தில் அசைவு முன்னால் வருகிறது. 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது காத்தவர்களை 1994 முதல் அமெரிக்காவில் ஒரு பதிவேட்டில் சேர்த்துத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடலை அசைப்பவர்கள். உங்கள் அரை மணி நேரத்தை மாதத்துக்குப் பத்து நிமிடமாகக் கூட்டி ஒரு மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். மாதவிடாய்க்கு முன் உடலில் நீர் தங்கி எடை ஏறித் தெரியும் என்பதால், சென்ற வாரத்தோடு ஒப்பிடாமல் சென்ற மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். இடுப்புச் சுற்றையும் கூடவே அளந்து குறியுங்கள்.

பத்து நாளைக்கு மட்டும் சமையலறைத் தராசில் அரிசி, எண்ணெய், தேங்காய், பருப்பு ஆகியவற்றை நிறுத்து எழுதுங்கள். சமைக்கும்போது ருசி பார்ப்பதையும், பொரித்த அப்பளத்தின் உடைசலை வாயில் போட்டுக்கொள்வதையும், பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்க மனமின்றிச் சாப்பிடுவதையும் அந்தக் குறிப்பில் விட்டுவிடாமல் எழுதி, அதை அப்படியே எனக்கு அனுப்புங்கள்.